அசைந்து தின்பதும் அசையாமல் தின்பதும்: ஒரு சிமிட்டர் ஜிடிஈ-யின் செலவுக் கணக்கு

ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் காரின் இரும்பு அடிச்சட்டமான சேஸிஸைத் தட்டிக்கொண்டே போனேன். கணீர், கணீர், கணீர். ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே பக்கவாட்டில் நீளும் இரும்புத் தாங்கியில் தட்டியபோது சத்தம் மாறியது: தொப். இன்னொரு முறை தட்டினேன். கறுப்புப் பூச்சு காய்ந்த மரப்பட்டையைப் போல உரிந்து முகத்தருகே விழுந்தது. அதற்குப் பின்னால் இரும்பு இருக்க வேண்டிய இடத்தில், அடுக்கடுக்காக உதிரும் துரு மட்டுமே இருந்தது. ஜாக்கி தாங்கிய காரின் அடியில் மல்லாந்து கிடந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியிழை உடலில் ஒரு பொட்டுத் துரு கிடையாது.

‘யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும்’ என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பழைய கார் ஒன்றை வைத்திருப்பவர் வீட்டில் யானையும் வீடும் ஒன்றாகவே நிற்கின்றன. ஓடும்போது தின்பது பெட்ரோல். நிற்கும்போது தின்பது துரு. முதலாவதை எல்லோரும் கணக்குப் பார்க்கிறார்கள். இரண்டாவதைப் பற்றி, கார் புதிதாக விற்ற காலத்தில் யாரும் கணக்கு எழுதவில்லை. 1972-இல் இங்கிலாந்தில் தயாரான என்னுடைய ரிலையன்ட் சிமிட்டர் ஜிடிஈ, எஸ்இ5ஏ வகைக் கார், இந்த இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குக் கிடைத்த எடுத்துக்காட்டு.

என்ன கார் இது

ரிலையன்ட் என்றால் பிரிட்டனில் பலருக்கும் மூன்று சக்கர வண்டிதான் நினைவுக்கு வரும். ஸ்டாஃபோர்ட்ஷர் மாவட்டத்தில் டாம்வொர்த் ஊரில் இருந்த அந்த நிறுவனம், கண்ணாடியிழையில் கார் உடல் வார்க்கும் கலையை அந்தச் சிறிய வண்டிகளில்தான் பழகியது. 1968 அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சிக்கு அது கொண்டுவந்த ஜிடிஈ வேறு ரகம். ஓகிள் வடிவமைப்பு நிறுவனத்தின் டாம் கேரன் வரைந்த உருவம்: முன்பாதி ஒரு ஸ்போர்ட்ஸ் கார், பின்பாதி சாமான் ஏற்றும் எஸ்டேட். சன்னலுக்குக் கீழுள்ள கோடு பின்னால் போகப் போக மேலேறும். பின்பக்கக் கண்ணாடியே கதவு. பின் இருக்கைகள் இரண்டையும் தனித்தனியாக மடக்கலாம், அதனால் ஒரு பிள்ளையை உட்கார வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நீளமான பெட்டியைக் கிடத்தலாம். அந்தக் காலத்தில் இந்த வசதி அபூர்வம்.

உதிரிச் சக்கரத்தை முன்மூக்கில், ரேடியேட்டருக்கு முன்னால் படுக்க வைத்திருப்பது எனக்குப் பிடித்த நுணுக்கம். அதனால்தான் பின்தளம் முழுவதும் சாமானுக்குக் கிடைக்கிறது. அதற்கு ஒரு விலையும் உண்டு. காற்று நேராக ரேடியேட்டருக்கு வர முடியாது. நெரிசலில் நிற்கும்போது வெப்ப முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே, மின்விசிறி எப்போது சுழலும் என்று காது கொடுத்துக் காத்திருக்க வேண்டும்.

எஞ்சின் ஃபோர்டினுடையது: எசெக்ஸ் வி6, 2,994 சிசி. ஃபோர்டு சோடியாக், கப்ரி 3000 போன்ற வண்டிகளில் ஓடியது. காரின் உச்ச வேகம் மணிக்கு 120 மைலை ஒட்டியது. இளவரசி ஆன் 1970-இல் பெற்றோரிடமிருந்து ஒன்றைப் பரிசாகப் பெற்றார், பிறகு பல சிமிட்டர்களை வைத்திருந்தார். அவரால் கிடைத்த புகழ் விற்பனைக்கு உதவியது உண்மை. ஆனால் நாய், சேணம், பயணப்பை எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் விரையக்கூடிய வண்டி என்பதுதான் அதைத் திரும்பத் திரும்ப வாங்கியவர்களின் காரணம் என்று நினைக்கிறேன்.

யானையின் தீனி: 1970 முதல் 1975 வரை

ஆண்டுக்கு 10,000 மைல் ஓட்டும் ஒரு முதல் உரிமையாளரை வைத்துக் கணக்குப் போட்டேன். கார் காலனுக்குச் சராசரியாக 22 மைல் தருகிறது என்று கொள்கிறேன். என் வண்டியில் நான் அளந்ததும் ஏறக்குறைய இதுதான். (பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டர். நமக்குப் பழகிய அளவில் லிட்டருக்கு எட்டுக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு.) ஆக, ஆண்டுக்கு 455 காலன்.

1970-இல் நான்கு நட்சத்திரப் பெட்ரோல் (அன்றைய உயர்தர வகை) காலன் ஆறரை ஷில்லிங்கை ஒட்டி விற்றது. 1971 பிப்ரவரி 15-இல் வந்த தசம நாணயத்தில் சொன்னால் சுமார் 33 பென்ஸ். ஆண்டுப் பெட்ரோல் செலவு 150 பவுண்டு. சாலை வரி 25 பவுண்டு. இரண்டும் சேர்ந்து 175 பவுண்டு, மைலுக்கு ஒன்றே முக்கால் பென்ஸ்.

1975-க்கு வருவோம். நடுவில் 1973 அக்டோபரில் அரபு-இஸ்ரேல் போரும் எண்ணெய் நெருக்கடியும் வந்துவிட்டன. அந்த டிசம்பரில் சாலைகளில் வேக வரம்பை மணிக்கு 50 மைலாகக் குறைத்தார்கள். பங்கீட்டுக் கூப்பன்களை அச்சடித்து விநியோகித்தார்கள், பயன்படுத்தும் நிலை வரவில்லை. 1974 நவம்பரில் பெட்ரோல் மீதான மதிப்புக் கூட்டு வரியை 25 சதவீதமாக்கினார்கள். காலன் விலை 70 பென்ஸைத் தாண்டியது. 73 பென்ஸ் என்று வைத்தால் அதே 455 காலனுக்கு 332 பவுண்டு. 1975 ஏப்ரலில் சாலை வரி 25-இலிருந்து 40 பவுண்டாக ஏறியது. மொத்தம் 372 பவுண்டு, மைலுக்கு 3.7 பென்ஸ். ஐந்தே ஆண்டில் இரண்டு மடங்குக்கு மேல்.

இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, மூன்று லிட்டர் கார்களை எண்ணெய் நெருக்கடி கொன்றுவிட்டது என்று எழுதுபவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன், கூலியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வரை. முழுநேரம் வேலை செய்த ஆண் ஒருவரின் சராசரி வாரச் சம்பளம் 1970 ஏப்ரலில் சுமார் 30 பவுண்டு, 1975 ஏப்ரலில் சுமார் 60 பவுண்டு. அதாவது ஆண்டுப் பெட்ரோல் செலவு 1970-இல் ஐந்து வாரச் சம்பளம், 1975-இல் ஐந்தரை வாரச் சம்பளம். பணவீக்கம் இரண்டையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. சிமிட்டர் வாங்கியவர் சராசரிச் சம்பளக்காரர் அல்ல என்பது தெரிந்ததுதான், அவருக்குச் சுமை இன்னும் லேசு. அப்போது மக்களை வாட்டியது, நாளைக்குப் பெட்ரோல் நிலையத்தில் சரக்கு இருக்குமா என்ற பயமும், நிரப்பி முடித்து மீட்டரைப் பார்க்கும் அந்த நொடியும்தான். 17 காலன் தொட்டியை நிரப்ப 1970-இல் ஐந்தரைப் பவுண்டு போதும், 1975-இல் பன்னிரண்டரைப் பவுண்டுக்கு அருகில் வந்துவிட்டது. கையிலிருந்து காசு போவதைக் கண்ணால் பார்க்கும் செலவு வலிக்கத்தான் செய்யும்.

ஓவர்டிரைவ் என்ற கூடுதல் கியர் அமைப்பு இங்கே கவனிக்கத் தக்கது. நெடுஞ்சாலையில் எஞ்சினின் சுழற்சியைக் குறைத்து, அதே வேகத்தில் ஓடச் செய்யும் சாதனம் அது. கியர்க்கம்பியை நகர்த்த வேண்டாம், ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும், எஞ்சினின் இரைச்சல் ஒரு படி இறங்கிவிடும். அது காலனுக்கு 22 மைலை 25 மைலாக்கினால் ஆண்டுக்கு 455 காலன் 400 ஆகிறது. மிச்சம் 55 காலன், 1975 விலையில் 40 பவுண்டு. அந்த ஆண்டின் சாலை வரி முழுவதும் அந்த ஒரு சுவிட்சால் திரும்பி வந்துவிடுகிறது. என் காரில் ஓவர்டிரைவ் இருக்கிறது. புதிதாக வாங்கியபோது அதற்குக் கூடுதல் பணம் கொடுத்தவரை மனதாரப் பாராட்டுகிறேன்.

வாங்கும்போது கட்டிய வரியை ஓட்டும் செலவில் சேர்க்க மாட்டார்கள். ஆனாலும் அது போன போக்கைச் சொல்லாமல் விட முடியவில்லை. கார் அறிமுகமான அடுத்த மாதமே, 1968 நவம்பரில், கொள்முதல் வரி மூன்றில் ஒரு பங்கிலிருந்து 36⅔ சதவீதமானது. 1971 ஜூலையில் 30 சதவீதம், 1972 மார்ச்சில் 25 சதவீதம். 1973 ஏப்ரலில் அந்த வரியையே எடுத்துவிட்டு, 10 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் 10 சதவீதக் கார் வரியும் கொண்டுவந்தார்கள். நான்கரை ஆண்டுக்குள் நான்கு மாற்றம். எந்த மாதம் கடைக்குப் போகிறார் என்பதைப் பொறுத்து ஒருவர் கொடுத்த விலை மாறியிருக்கும்.

கடன் வாங்கிய உறுப்புகள்

சிறிய நிறுவனம் எல்லாவற்றையும் தானே செய்ய முடியாது. ரிலையன்ட் எஞ்சினை ஃபோர்டிடம் வாங்கியது, முன் சஸ்பென்ஷனின் முக்கியப் பாகங்களை டிரையம்ஃப் நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் கார்களிலிருந்து எடுத்துக்கொண்டது. முதல் உரிமையாளருக்கு இது பெரிய வரம். எந்த ஊரில் நின்றாலும் ஃபோர்டு எஞ்சினைத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருப்பார். உதிரிப் பாகமும் கப்ரிக்காரர் கொடுக்கும் விலையிலேயே கிடைக்கும். அதே ஆண்டுகளில் வந்த வோல்வோ 1800 இஎஸ் அழகிலும் பயனிலும் இதற்கு உறவு. பின்கதவு முழுவதும் கண்ணாடி என்பதால் ஜெர்மானியர்கள் அதை வெண்பனி இளவரசியின் சவப்பெட்டி என்று அழைத்தார்கள். 1971 முதல் 1973 வரை 8,077 மட்டுமே செய்தார்கள். அதன் எஞ்சினுக்கு மின்னணுவால் இயங்கும் பெட்ரோல் செலுத்தும் அமைப்பு. அதைச் சரிபார்க்கத் தனி அறிவு வேண்டும். சிமிட்டருக்கு வெபர் கார்புரேட்டர் ஒன்றே, ஸ்க்ரூ டிரைவரும் பொறுமையும் போதும்.

எசெக்ஸ் எஞ்சினுக்கு இரண்டு தீராத பலவீனங்கள் உண்டு, இரண்டும் வெளியே தெரியாது. வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டைச் சுழற்றும் டைமிங் கியரின் பற்களை, சத்தம் குறைய வேண்டும் என்று இரும்பில் செய்யாமல் இழைப் பொருளில் செய்திருந்தார்கள். சூட்டிலும் வயதிலும் அந்தப் பற்கள் உதிர்ந்துவிடும். அடுத்தது ஆயில் பம்பைச் சுழற்றும் அறுகோணத் தண்டு. அதன் முனைகள் தேய்ந்து உருண்டால் பம்பு நிற்கும், ஆயில் அழுத்த முள் சரிந்து கீழே படுக்கும். அடுத்த நிமிடம் எஞ்சினை நிறுத்தாவிட்டால் பேரிங்குகள் போய்விடும்.

முதல் பலவீனம் எனக்கு நேர்ந்தது. சீரான வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது, இருமலோ நடுக்கமோ இல்லாமல், சாவியைத் திருப்பி அணைத்ததுபோல எஞ்சின் நின்றது. ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்து, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினேன். உடன் வந்த நண்பரிடம் ஸ்டார்ட்டரை இயக்கச் சொல்லிவிட்டு உள்ளே இருக்கும் ரோட்டரைப் பார்த்தேன். எஞ்சின் வழக்கத்தைவிட லேசாகச் சுழலும் சத்தம் கேட்கிறது, ரோட்டர் மட்டும் அசையவே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவது கேம்ஷாஃப்ட். கேம்ஷாஃப்டைச் சுழற்ற வேண்டியது அந்தக் கியர். நோய் என்ன என்று தெரிந்துகொள்ள அரை நிமிடம்கூட ஆகவில்லை. இப்போது உலோகக் கியர் போட்டிருக்கிறேன். லேசான ஊளைச் சத்தம் வருகிறது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

டிரையம்ஃபிடம் எடுத்த பாகத்தில் ஒளிந்திருப்பது டிரன்னியன் என்ற கீழ் மூட்டு. முன்சக்கரம் திரும்பும்போது, அதைத் தாங்கிச் செங்குத்தாக நிற்கும் தண்டு ஒரு மறைக்குள் திருகித் திரும்பும். அந்த மறைக்குக் கிரீஸ் போடக் கூடாது, ஈபி90 கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் நாளடைவில் இறுகி, நீர் புகுந்து, தண்டின் மறை துருப்பிடிக்கும். ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் உள்நோக்கி மடியும். ஆயில் விடுவதற்கு ஆகும் செலவு சில துளிகள். அதை மறந்ததற்கு ஆகும் செலவை இங்கே எண்ணில் எழுத எனக்கு மனமில்லை.

மூடி மறைத்த இரும்பு

இனி வீட்டின் கணக்கு. கண்ணாடியிழை உடல் துருப்பிடிக்காது என்பது சிமிட்டரின் பெரிய பலம். உப்பு தூவும் குளிர்காலச் சாலைகளில் அதே வயதுடைய இரும்புக் கார்கள் பத்தாண்டுகளில் ஓட்டையாகிக்கொண்டிருந்தபோது சிமிட்டர் அப்படியே நின்றது. பூச்சில் நட்சத்திர வடிவத்தில் மெல்லிய கீறல்கள் விழும், அவ்வளவுதான். ஆனால் அந்த உடல் ஓர் இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் தாங்கிகள்தாம் உடலைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள இடுக்கில் சேறும் உப்பு நீரும் தங்கும். தூரிகை போகாது, கண் போகாது.

இரும்புக் கார் நோயை முகத்தில் காட்டிவிடும். கதவின் அடியில் ஒரு கொப்புளம் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கூடச் சொல்லிவிடுவார். சிமிட்டர் காட்டாது. மேலே பளபளப்பதால் உரிமையாளருக்கு அடியில் பார்க்கத் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லை. நான் வாங்குவதற்கு முன் ஒரு பட்டறையில் அந்தத் தாங்கியின் மேல் மெல்லிய தகட்டை ஒட்டி, தடிமனாகக் கறுப்புப் பூச்சு அடித்துவிட்டிருக்கிறார்கள். உள்ளே துரு தன் வேலையைத் தொடர்ந்து செய்திருக்கிறது. அன்று என் முகத்தருகே உதிர்ந்தது அந்தப் பூச்சுதான். பார்வைக்கு ஒழுங்காக்கி வைப்பதைவிட ஓட்டையை ஓட்டையாகவே விட்டிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். அந்த நேர்மைக் குறைவை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

ரிலையன்ட் நிறுவனத்துக்கும் இது தெரியவந்தது. 1980-இல் வந்த எஸ்இ6பி வகையில் சேஸிஸுக்குத் துத்தநாகப் பூச்சுக் கொடுத்தார்கள். முதல் காரிலேயே அதைச் செய்திருந்தால் விலை கொஞ்சம் கூடியிருக்கும், இன்று உயிரோடு இருக்கும் வண்டிகளின் எண்ணிக்கையும் கூடியிருக்கும். 1968-இல் ஒரு கார் ஐம்பது ஆண்டு ஓடும் என்று யாரும் நினைக்கவில்லை என்பதைப் புரிந்துகொள்கிறேன்.

கண்ணாடியிழை கொடுக்கும் இன்னொரு தொல்லை மின்சாரத்தில். இரும்புக் காரில் உடலே எர்த் ஆகிவிடும். சிமிட்டரில் ஒவ்வொரு விளக்குக்கும் தனியே எர்த் வயர் வேண்டும். அதன் முனை ஒன்றில் பச்சை பூத்தால், பிரேக்கை மிதிக்கும்போது திரும்பும் விளக்கு மங்கும், பெட்ரோல் முள் துள்ளும். மின்சாரம் தனக்குரிய வழி அடைபட்டதால் வேறு விளக்கின் வழியாகத் திரும்பப் பார்க்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் விளக்கையும் சுவிட்சையும் மாற்றிப் பணத்தை விரயம் செய்தவர்களை எனக்குத் தெரியும். முனைகளை உப்புத்தாளால் தேய்த்துத் திரும்ப இறுக்கினாலே பாதிக் கோளாறு போய்விடும். ஒரு பிற்பகல் போகும், காசு போகாது.

தாங்கியைச் சரிசெய்த விதத்தைச் சொல்கிறேன், ஏனெனில் செலவின் பெரும்பகுதி வெல்டிங்கில் இல்லை, வெல்டிங் செய்யும் இடத்தை அடைவதில் இருக்கிறது. கண்ணாடியிழையில் உள்ள பிசின் தீப்பிடிக்கும். எனவே இருக்கை, தரைவிரிப்பு, பெட்ரோல் தொட்டி எல்லாவற்றையும் கழற்றினோம். உடலைச் சேஸிஸோடு பிணைக்கும் போல்ட்டுகள் துருவில் இறுகிப் போயிருந்தன. சிலவற்றை அறுத்தே எடுக்க வேண்டியிருந்தது. பிறகு உடலை நான்கு அங்குலம் உயர்த்தி மரக்கட்டைகளைக் கொடுத்து, இடைவெளியில் ஈரப் போர்வையைச் செருகிய பிறகே பழைய தாங்கியை வெட்டினோம். ஆயத்தத்துக்கு மூன்று வார இறுதிகள் ஆயின. புதிய தாங்கியை வைத்துப் பற்றவைக்க ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. பட்டறையில் விட்டிருந்தால் அந்த மூன்று வார இறுதிகளுக்கும் மணிக்கணக்கில் கூலி ஓடியிருக்கும்.

இன்றைய கணக்கு

முதல் உரிமையாளரை வாட்டிய இரண்டு செலவுகளும், சாலை வரியும் பெட்ரோலும், இன்று என்னை வாட்டுவதில்லை. நாற்பது ஆண்டைக் கடந்த வண்டிக்குப் பிரிட்டனில் சாலை வரி கிடையாது, விண்ணப்பம் மட்டும் கொடுக்க வேண்டும். வரலாற்று வாகனம் என்ற வகையில் லண்டனின் குறைந்த புகை மண்டலத்திலும் கட்டணம் இல்லை. பெட்ரோல்? இப்போது ஆண்டுக்கு 2,000 மைல்தான் ஓட்டுகிறேன். 91 காலன், அதாவது சுமார் 413 லிட்டர். அன்றாடம் காரில் வேலைக்குப் போகும் பலருடைய பெட்ரோல் செலவைக் காட்டிலும் குறைவு. 2021 செப்டம்பர் முதல் சாதாரணப் பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள், பழைய ரப்பர்க் குழாய்களை அது அரிக்கும். அதனால் விலை கூடிய, எத்தனால் குறைந்த வகையையே ஊற்றுகிறேன், குழாய்களையும் மாற்றிவிட்டேன்.

2018 மே மாதம் முதல் நாற்பது ஆண்டைக் கடந்த கார்களுக்கு ஆண்டுத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. இந்தச் சலுகையை மட்டும் நான் ஏற்கவில்லை. சிமிட்டரைப் போல நோயை மறைக்கும் காருக்கு, பழகாத கண் ஒன்று ஆண்டுக்கு ஒருமுறை அடியில் விளக்குப் பிடித்துப் பார்ப்பது மிக மலிவான மருத்துவம். சட்டம் கேட்கவில்லை என்பதற்காக அதை விட்டுவிடும் நண்பர்களிடம் இதைப் பற்றிச் சண்டையே போட்டிருக்கிறேன்.

சிமிட்டர் வாங்கப் போகிறவர் விற்பவரிடம் காலனுக்கு எத்தனை மைல் என்று கேட்க வேண்டாம். டைமிங் கியர் உலோகமா, டிரன்னியனுக்கு என்ன ஊற்றுகிறீர்கள், தாங்கிகளைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். டிரன்னியனுக்குக் கிரீஸ் என்று பதில் வந்தால் காரை ஓட்டிப் பார்க்காதீர்கள்.

சென்ற சனிக்கிழமை ஆயில் விட மறுபடியும் அடியில் படுத்தேன். முதலில் இடது டிரன்னியன், பிறகு வலது. சக்கரத்தை ஒருவர் இப்படியும் அப்படியும் திருப்ப, பழைய ஆயில் கறுத்துப் பிதுங்கி வெளியே வந்து, பிறகு தேன் நிறத்தில் புதியது எட்டிப் பார்க்கும் வரை விட்டேன். எழுந்திருக்கும் முன் பழக்கத்தில் தாங்கிகளைத் தட்டினேன். வலப்பக்கம் புதிய இரும்பு கணீரென்றது. இடப்பக்கம் பின் மூலையில் சத்தம் சற்றே அமுங்கி ஒலித்தது. தொப் என்று சொல்ல முடியாது, கணீர் என்றும் சொல்ல முடியாது. சுண்ணக்கட்டியால் அந்த இடத்தில் வட்டம் போட்டு, நோட்டில் தேதியையும் ஓடிய மைலையும் எழுதி வைத்திருக்கிறேன். குளிர்காலம் வருவதற்குள் அதைத் திறக்க வேண்டும்.